கையை விரித்த நாள்

நான் வாய் திறந்து ஒருவரையும் வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. இதை இப்போதும் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். சொல்லி என்ன, நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

கரம்பொன் கரையில் இருக்கும் எங்கள் நண்டுத் தொழிற்சாலை அப்படியொன்றும் பெரிய இடமில்லை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்து, பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புகிற இடம். நீளமான ஒரு மேசை, அதைச் சுற்றிப் பதினாறு பெண்கள். பன்னிரண்டு பேர் ஊர்காவற்றுறை, கரம்பொன் பக்கத்து ஆட்கள். மற்ற நாலு பேரும் அனலைதீவிலிருந்து முதல் வள்ளத்தில் வந்து, பின்னேரம் கடைசி வள்ளத்தில் திரும்புகிறவர்கள். நான் முகாமையாளர். பெயர் ஜெயரூபன், ஊர் வேலணை, வயது நாற்பத்திமூன்று. கோபம் மூக்குநுனியில் என்று மனைவி கோசலா சொல்வாள். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே அது தெரியும்.

அனலைதீவார் நாலு பேருக்கும் மூத்தவர் அல்போன்சம்மா. ஐம்பது தாண்டிய, ஒடிசலான மனுசி. பத்து மணித் தேத்தண்ணியை ஊற்றுவது அவர்தான். கேத்திலை வேறு யாரும் தொடக்கூடாது என்று சட்டமொன்றும் இல்லை, ஆனால் யாரும் தொட்டதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கந்தோர் அறையிலிருந்து பூப்போட்ட கோப்பையும் சோசரும் எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். அதைத் தள்ளிவிட்டு, அவர்கள் குடிக்கிற சில்வர்ப் பேணியிலேயே வாங்கிக் குடித்தேன். ஒரு பேணித் தேத்தண்ணியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் எங்கள் தீவுப்பகுதியில் பிறக்காதவராக இருக்கவேண்டும். என் அம்மா கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு நல்லது கெட்டதென்றால் போவார். முற்றத்தில் நின்று உருகி உருகிக் கதைப்பார். ஒரு மிடறு தண்ணீர் வாங்கமாட்டார். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்பார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

ஆகவே அன்றைக்கு நான் பேணியை வாங்கியபோது மேசையில் ஓடிக்கொண்டிருந்த கைகள் அத்தனையும் நின்றன. அல்போன்சம்மா என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்து, பேணியில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"குடியும் தம்பி, ஆறப்போகுது."

அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் சேர், அவருக்கு மட்டும் தம்பி. நண்டுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்து, அவர்களோடு பத்து மணித் தேத்தண்ணி குடிப்பது என் வழக்கமாகிவிட்டது. உள்ளுக்குள் பெருமைதான். பெரிய சீர்திருத்தவாதி என்று நினைப்பு எனக்கு.

பிறகு மாற்றம் வந்தது. கொழும்பிலிருக்கும் எங்கள் பணிப்பாளர் தொலைபேசியில் சொன்னார்: சரக்குக் கேட்பது கூடிவிட்டது, அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை வேலை. காலை முறை, மாலை முறை. எல்லோரும் கிழமைக்குக் கிழமை மாறி மாறி. மாலை வேலை முடிய இரவு ஒன்பது மணி. அனலைதீவுக்குப் போகும் கடைசி வள்ளம் அதற்கு எத்தனையோ மணித்தியாலம் முன்னமே போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். அந்த நாலு பேரும் காலை முறையிலேயே நிற்கட்டும், ஆனால் மூன்று மாதத்துக்குத்தான். அதற்குப் பிறகு யாருக்கும் விலக்கு இல்லை, முடிந்தவர்கள் நிற்கட்டும், முடியாதவர்கள் போகட்டும் என்றார்.

மூன்று மாதம் என்பது எனக்கு நீண்ட காலமாகத் தெரிந்தது. அதற்குள் அவர் மனம் மாறலாம். பணிப்பாளரே மாறலாம். இப்போதே சொல்லி ஏன் அவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கவேண்டும்? இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, மூன்று மாதக் கதையை விழுங்கிவிடுவதென்று தீர்மானித்தேன். உண்மையான காரணம் அதுவல்ல. 'தம்பி' என்று கூப்பிடுகிறவரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கிழமையே என்னை யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேலைத்தலத்தில் மாற்றம் ஒன்றை அறிவிக்கும்போது முகாமையாளரின் உடல் என்ன பேசவேண்டும் என்பதுதான் பயிற்சி. கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் நன்றாக இஸ்திரி போட்ட ஆள். நாங்கள் சொல்கிற சொல்லில் தொழிலாளி நம்புவது கொஞ்சம், மிச்சமெல்லாம் கண்ணையும் கையையும் பார்த்துத்தான் என்றார். இருந்து பேசாதே, எழுந்து நில். கையில் கோப்பு, பேனை, தேநீர்க் கோப்பை ஒன்றும் வேண்டாம், அது உனக்கும் அவர்களுக்கும் நடுவில் சுவர். ஒவ்வொருவர் கண்ணையும் மூன்று செக்கன் பார். முக்கியமான வசனம் வரும்போது குரலைத் தாழ்த்தி, இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை தெரியக் காட்டு. 'என்னிடம் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை' என்று அது சொல்லும்.

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். கோசலா வாசலில் நின்று பார்த்துச் சிரித்தாள்.

"என்னப்பா இது, பாதர் பூசை வைக்கிற மாதிரி நிக்கிறியள்?"

"நல்லதாப் போச்சு. அங்க முக்கால்வாசி வேதக்கார ஆக்கள்தானே."

"அவைக்குப் பாதர் இருக்கிறார். உங்களை உங்களாவே பாத்துப் பழகினவை. சும்மா பெட்டியில இருந்து சொல்லிப்போட்டு வாங்கோ."

"உமக்கு விளங்காது" என்று சீறினேன். பயிற்சிக்குப் போனவன் நான்தானே.

திங்கட்கிழமை பத்து மணி. அல்போன்சம்மா வழக்கம்போல முதல் பேணியை எனக்கு நீட்டினார். கை வெறுமையாக இருக்கவேண்டுமே. "வையுங்கோ அக்கா, பிறகு பாப்பம்" என்று தலையால் யன்னல் பக்கம் காட்டினேன். அவர் பேணியோடு சற்று நேரம் நின்றார். பிறகு கொண்டுபோய் யன்னல் விளிம்பில் வைத்தார்.

நான் பெட்டியில் இருக்கவில்லை. மேசையின் தலைமாட்டில் நிமிர்ந்து நின்று, ஒவ்வொருவர் கண்ணாகப் பார்க்கத் தொடங்கினேன். மூன்று செக்கன், அடுத்தவர், மூன்று செக்கன், அடுத்தவர். பதினாறு பேரையும் பார்த்து முடிக்க முக்கால் நிமிடத்துக்கு மேலே போயிருக்கும். அவ்வளவு நேரமும் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் மட்டும்தான். பிறகு இரண்டு முறை வேலையைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் முக்கியமான வசனம் வந்தது.

"ஒருத்தருக்கும் வேலை போகாது. அனலைதீவு ஆக்கள் காலமை வேலையிலயே நிக்கலாம்."

குரலைத் தாழ்த்தினேன். தலையைக் கொஞ்சம் சரித்தேன். பயிற்றுநர் காட்டிய அந்த மெல்லிய, ஆறுதலான சிரிப்பையும் உதட்டில் கொண்டுவந்தேன். இரண்டு கைகளையும் அகல விரித்து, உள்ளங்கை தெரிய, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏதும் கேக்கிறதெண்டாக் கேளுங்கோ."

எல்லோரும் அல்போன்சம்மாவைப் பார்த்தார்கள். அவர் தன் முன்னால் கிடந்த நண்டைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை, சேர்" என்றார்.

சேர். அது என் காதில் விழுந்தது. மரியாதை கூடியிருக்கிறது, பயிற்சி வேலை செய்கிறது என்று நினைத்தேன். அந்த முட்டாள்தனத்தை நினைக்கும்போது இப்போதும் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதவேண்டும் போலிருக்கிறது.

அன்று பின்னேரம் அனலைதீவார் நாலு பேரும் தங்கள் மேலங்கியைத் தோய்த்து, காயவைத்து, மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். மேலே நாலு சின்னக் கத்திகள், கழுவித் துடைத்தபடி. நல்ல துப்புரவான பெண்கள் என்று மெச்சிக்கொண்டு கந்தோரைப் பூட்டினேன். யன்னல் விளிம்பில் அந்தப் பேணி அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் வரவில்லை. கடல் பளிங்காகக் கிடந்தது, வள்ளம் வந்து போனதைக் கண்ணால் கண்டேன். புதன்கிழமையும் இல்லை. தொலைபேசி எடுத்தால் பதில் இல்லை. வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. மேற்பார்வை பார்க்கும் ஜெனீற்றாவைக் கந்தோருக்குக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். ஊர்காவற்றுறைப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு முன்னால் குனிந்த தலை நிமிராதவள்.

"என்ன நினைச்சுக்கொண்டு நிக்கினம் அவை? அவைக்காக எவ்வளவு கதைச்சனான் எண்டு தெரியுமோ?"

"சேர்தான் கையை விரிச்சுப்போட்டியளே" என்றாள் ஜெனீற்றா.

"நான் எங்க கையை விரிச்சனான்? ஒருத்தருக்கும் வேலை போகாதெண்டல்லோ சொன்னனான்!"

"வாய் சொன்னது, சேர். கையை விரிச்சல்லோ காட்டினீங்கள்." அவள் தயங்கித் தயங்கித் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "இப்பிடி. என்னால ஒண்டும் ஏலாது, போங்கோ எண்டு."

பிறந்த நாளிலிருந்து பேசுகிற தமிழ். கேட்டுப் போனேன், கையை விரித்துவிட்டான் என்று ஆயிரம் தரம் நானே சொல்லியிருப்பேன். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் மூன்று நாள் நின்று பழகியும் அது எனக்குத் தெரியவில்லை.

"அதுக்கு முதல் ஒவ்வொருத்தரா எண்ணினீங்கள்" என்றாள்.

"எண்ணேல்லை பிள்ளை, கண்ணைப் பாத்தனான்."

"நாங்கள் தலை எண்ணுறியள் எண்டு நினைச்சம். ஆரை நிப்பாட்டுறது எண்டு. சிரிச்சும் போட்டியள், சேர். செத்த வீட்டில சிரிக்கிற மாதிரி." பிறகு குரலை இறக்கினாள். "அதெல்லாம் பறவாயில்லை. தேத்தண்ணியத் தொடேல்லைத்தானே. அதுதான் அல்போன்சம்மாக்காவுக்கு ஏலாமப் போட்டுது. பழையபடி துவங்கிட்டினம், எங்கட கையால வாங்கமாட்டினம் எண்டு சொல்லி வள்ளத்தடி மட்டும் அழுதுகொண்டு போனவ."

பழையபடி. என் அம்மா முற்றத்தில் நின்று 'இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்' என்று சொன்ன குரல் எனக்குள் கேட்டது. ஜெனீற்றாவைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். வெட்கம் ஒரு பக்கம், கொழும்புப் பயிற்றுநர்மேல் ஆத்திரம் மறுபக்கம். ஆத்திரம் கொஞ்சம் கைகொடுத்தது. பிழை என்னுடையதல்ல, இவர்கள் பிழையாக விளங்கிவிட்டார்கள், போய் விளங்கப்படுத்தினால் சரி என்று நினைக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அனலைதீவுக்கு வெளிக்கிட்டேன். கோசலா கதலி வாழைப்பழச் சீப்பொன்றைப் பையில் போட்டுத் தந்தாள்.

"வெறுங்கையோட போகாதேங்கோ. கையில ஏதாவது இருந்தா அதைக் கண்டபடி ஆட்டமாட்டியள்" என்றாள்.

அல்போன்சம்மா பூசை கண்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். என்னைக் கண்டதும் திகைத்தாலும், பழப்பையை வாங்கி வைத்துவிட்டுக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"இருங்கோ, சேர்."

நான் இருந்தேன். பயிற்சியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் நின்றேன், ஏன் ஒவ்வொருவராகப் பார்த்தேன், ஏன் பேணியை வாங்கவில்லை. எழுந்து நின்று பயிற்றுநரைப் போலச் செய்தும் காட்டினேன். முதலில் அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கி, கடைசியில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"கையை விரிச்சா உண்மை எண்டு அர்த்தமோ? மாதாவே! அந்தாளுக்கு ஆர் தமிழ் படிப்பிச்சது?"

குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். நான் இரண்டு கையாலும் பேணியை வாங்கி, சூட்டையும் பாராமல் ஒரு மிடறு இழுத்தேன். நாக்கு பொசுங்கிப்போயிற்று. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேணி வாய்க்குப் போகிறதா என்று மட்டும் பார்த்தார். பிறகு எதிரில் கிடந்த மர வாங்கில் இருந்தார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

"நாளைக்கே வாங்கோ அக்கா. உங்கட நாலு பேற்ற இடமும் அப்பிடியே கிடக்கு."

"வரலாம், சேர்." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒரு விசயம் கிடக்கு. செவ்வாய்க்கிழமை நாங்கள் நாலு பேரும் இங்கத்தைக் கடற்றொழில் சங்கத்தில பேர் குடுத்திட்டம். அவை புதுசாக் கருவாட்டுக் கொட்டில் ஒண்டு துவங்குகினம். நாலு இடந்தான் மிச்சம் கிடந்தது. உங்கட இடம் மாதிரி வருமானம் இல்லை. ஆனா ஊருக்குள்ள வேலை, கடல் தாண்டத் தேவையில்லை."

"அதை விடுங்கோ. நீங்கள் எங்களிட்ட வாங்கோ."

"இண்டைக்குப் பின்னேரம் சங்கத்துக்குச் சொன்னாப் பேரை வெட்டுவினம். எங்களுக்குப் பின்னால அஞ்சாறு பேர் காத்துக்கொண்டு நிக்கினம். ஒருக்கா வெட்டினால் பிறகு அங்க இடமில்லை." அவர் முன்னால் சாய்ந்தார். "அதால ஒண்டு கேக்கிறன். இண்டைக்கு நாலு பேற்ற குடும்பத்துக்கும் நான்தான் சொல்லவேணும். வாற வருசமும் நாங்கள் காலமை வேலைதானே? கடைசி வள்ளத்துக்கு விடுவியள்தானே?"

'ஓம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவ்வளவு சின்னச் சொல். அதைச் சொன்னால் நாளைக்கு நாலு பேரும் வருவார்கள், நான் மறுபடியும் தம்பியாகிவிடுவேன். மூன்று மாதத்துக்குப் பிறகு வருவது வரட்டும்.

சொல் வெளியே வரவில்லை. அல்போன்சம்மாவின் பார்வை என் முகத்திலிருந்து இறங்கியது. நானும் குனிந்து பார்த்தேன். வலது கையில் பேணி இருந்தது. முழங்காலில் கிடந்த இடது கை, நான் ஏவாமலே, மெல்ல மல்லாந்து விரிந்திருந்தது. இதை யாரும் எனக்குப் பழக்கவில்லை.

அதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூண்டு மாதந்தான் அக்கா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அதுக்குப் பிறகு எல்லாரும் மாலை முறையும் செய்யவேணுமாம். ஏலாத ஆக்கள் வேலையை விட்டுப் போகவேண்டியதுதான். எனக்கு அண்டைக்கே தெரியும். சொல்லேல்லை."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், ஏச்சு எனக்குப் பழக்கம். அவரோ கணக்கை மனதுக்குள் போட்டு முடித்தவரைப் போலத் தலையை ஆட்டினார்.

"அப்ப உம்மட வாயை நம்பி வந்திருந்தா, மூண்டு மாதத்தில அங்கயும் இல்லை, இங்கயும் இல்லையெண்டு நாலு பேரும் நடுத்தெருவில நிண்டிருப்பம்." நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "நல்ல காலம், அண்டைக்குக் கையைப் பாத்தனாங்கள். அது உண்மையத்தான் சொல்லியிருக்கு."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. மெய்யாகவே ஆறுதலோடு சொன்னார், பெரிய ஆபத்தொன்று விலகிப்போனதற்கு மாதாவுக்கு நன்றி சொல்கிற தொனியில். நான் பழியைப் போடக் கொண்டுவந்த பயிற்றுநர், விளங்காத பெண்கள், பழைய காலம் எல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர்கள் ஒன்றையும் பிழையாக விளங்கவில்லை. அம்மாவைப் போல நான் இல்லை என்று நினைத்திருந்தேன். அம்மாவாவது முற்றத்தில் நின்று பொய் சொன்னார். நான் பேணியை வாங்கிக் குடித்துவிட்டுப் பொய் சொல்ல இருந்தேன்.

பேணியில் பாதி மிச்சம் இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

அல்போன்சம்மா கவனித்துவிட்டார்.

"குடியும் தம்பி, ஆறப்போகுது" என்றார்.

குடித்து முடித்தேன்.

கடைசி வள்ளத்துக்கு அவரும் துறைவரை வந்தார். சங்கத்துக்குப் போகிற வழிதான் என்றார். பேரை வெட்டப் போகவில்லை, நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்கப் போகிறார். வள்ளம் இயந்திரம் போட்டுக் கரையை விட்டு விலகியதும், அவர் துறையில் நின்று எனக்குக் கை காட்டினார். நானும் பதிலுக்குக் காட்டவேண்டும். கையைத் தூக்கினால் அங்கே நிற்கிறவருக்கு என் உள்ளங்கைதான் தெரியும் என்ற நினைப்பு வந்தது. தூக்க ஏலவில்லை. ஊர்காவற்றுறை வரும்வரை இரண்டு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டு இருந்தேன்.